வீட்டு மெயில் சேர்வர்: உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. ஐபி தடைப்பட்டியலில்

மருதமுனைத்தறி
வெள்ளி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். எங்கள் குடும்பத்துக்குக் கைத்தறி வியாபாரம். சாரன், சாரி, மேசை விரிப்பு. மாமாதான் நடத்துகிறார், கணினி என்று எது வந்தாலும் என் தலையில் விழும். எல்கே டொமைன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். பழைய மினி பிசி ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, கடிதத்தை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும் வந்ததைப் பெட்டியில் வைத்துத் திறந்து காட்டும் டவ்காட்டும் நிறுவினேன். வெளியிலிருந்து வரும் கடிதங்கள் ஒரு குறையுமில்லாமல் வந்து சேர்கின்றன. போனில் ஐமேப் வழியாகத் திறந்து வாசிக்கவும் முடிகிறது.

அனுப்பும்போதுதான் சிக்கல். எங்கள் வாடிக்கையாளர் அரைவாசிப் பேர் பாவிக்கும் பெரிய இலவச மெயில் சேவை 550 5.7.1 என்று திருப்பி அடிக்கிறது. இந்த ஐபியிலிருந்து நேரடியாக எங்களுக்கு அனுப்ப அனுமதி இல்லை என்பதுதான் அதன் சாரம். தடைப்பட்டியல்களை நடத்தும் ஸ்பேம்ஹாஸ் தளத்தில் ஐபியைப் போட்டுப் பார்த்தால் பிபிஎல் என்ற பட்டியலில் இருக்கிறதாம். நாங்கள் அனுப்புவது பில்லும் துணியின் படமும்தான். ஸ்பேம் என்று ஒன்றுகூட இந்த வீட்டிலிருந்து போனதில்லை. பிறகு எப்படிப் பட்டியலில் வந்தோம்? இதிலிருந்து வெளியே வர என்ன வழி?

கல்லடிப்பாலம்
வெள்ளி, இரவு 10.03

தம்பி, முதலில் மனதை ஆற்றுங்கள். பிபிஎல்லில் இருப்பது குற்றச்சாட்டு இல்லை. நீங்கள் ஸ்பேம் அனுப்பியதாக யாரும் சொல்லவில்லை.

ஸ்பேம்ஹாஸிடம் பல பட்டியல்கள் உண்டு. எஸ்பிஎல் என்பது ஸ்பேம் அனுப்புவோர் என்று ஆதாரத்தோடு சேர்க்கப்பட்டவர்கள். எக்ஸ்பிஎல் என்பது வைரஸ் பிடித்த, வேறு யாரோ இயக்கும் கணினிகள். பிபிஎல் இரண்டிலும் சேராது. அது ஒரு கொள்கைப் பட்டியல். வீட்டு இணைப்புகளுக்கு ஒதுக்கிய ஐபி வரிசைகளை மொத்தமாக அதில் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வரிசையிலிருந்து, மெயில் சேர்வர்கள் தமக்குள் கதைக்கும் 25ஆம் போர்ட் வழியாக நேரே மற்றவர் மெயில் சேர்வருக்கு ஒன்றும் வரத் தேவையில்லை, வீட்டுக்காரர் தன் கொம்பனியின் சேர்வர் வழியாக அனுப்பட்டும் என்பதுதான் அதன் கருத்து. பல ஐஎஸ்பிகள், அதாவது இணைய இணைப்புத் தரும் கொம்பனிகள், தாங்களாகவே தங்கள் வரிசைகளைக் கொடுத்துச் சேர்க்கின்றன. ஆக, நீங்கள் அந்த இணைப்பை எடுக்க முன்னமே அந்த ஐபி அங்கே இருந்திருக்கும்.

எது எந்தப் பட்டியல் என்று பார்க்கும் வழி: ஐபியின் நான்கு பகுதியையும் தலைகீழாக எழுதி, பின்னால் இந்த மூன்று பட்டியலும் சேர்ந்த ஸ்பேம்ஹாஸின் ஸென் வலயத்தின் பெயரைச் சேர்த்து, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸில் கேளுங்கள். விடை 127.0.0.2 என்றால் எஸ்பிஎல். 127.0.0.4 என்றால் எக்ஸ்பிஎல், உடனே வீட்டைச் சோதிக்க வேண்டும். 127.0.0.10 என்றால் பிபிஎல், அதுவும் ஐஎஸ்பியே சேர்த்தது. 127.0.0.11 என்றால் ஸ்பேம்ஹாஸ் தானாகச் சேர்த்த பிபிஎல். பட்டியலிலேயே இல்லாவிட்டால் அப்படி ஒரு பெயர் இல்லை என்று வரும்.

11 வந்தால், உங்களிடம் நிலையான ஐபி இருந்தால், அந்த ஒரு ஐபியை மட்டும் எடுக்கும்படி அவர்கள் தளத்திலேயே கேட்கலாம். 10 வந்தால் ஐஎஸ்பியோடுதான் கதைக்க வேண்டும். உங்களுக்கு எது வருகிறது?

படுவான்கரை
வெள்ளி, இரவு 10.20

இவ்வளவு வில்லங்கம் எதற்கு? மாதம் கொஞ்சம் டொலரைக் கட்டிவிட்டு நித்திரை கொள்ளலாமே.

மருதமுனைத்தறி
வெள்ளி, இரவு 10.41

கல்லடி அண்ணன், 10 தான் வருகிறது. ஐபியும் நிலையானது இல்லை, றூட்டரை நிறுத்திப் போட்டால் மாறிவிடும். ஐபி மாறும்போது டொமைனைத் தானாகப் புது ஐபிக்குத் திருப்பும் டைனமிக் டிஎன்எஸ் வைத்துச் சமாளிக்கிறேன்.

படுவான்கரை அண்ணன் சொல்வது விளங்குகிறது. ஆனால் எங்களுக்கு விற்பனை, கணக்கு, தறிக்கூடம், பெரியம்மாவின் தையல் பகுதி என்று பல முகவரி வேண்டும். ஆளுக்கு ஆள் மாதச் சந்தா, அதுவும் டொலரில். 2022இல் ரூபாய் விழுந்தபோது டொலரில் கட்டிக்கொண்டிருந்த எல்லோரும் என்ன பாடுபட்டார்கள் என்று தெரியும்தானே. அதோடு, பழைய ஓடர் எல்லாம், படங்களோடு, எங்கள் வீட்டு டிஸ்கில் இருக்க வேண்டும் என்பது மாமாவின் பிடிவாதம். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

காரைதீவு நெட்
சனி, காலை 6.55

மருதமுனைத்தறிக்கு ஒரு விஷயம். உங்களுக்குப் பொது ஐபி கிடைப்பதே பெரிய காரியம். 4ஜி றூட்டரில் சேர்வர் வைக்கப் பார்ப்பவர்கள் முதலில் றூட்டரின் பக்கத்தில் வான் (WAN) முகவரியை, அதாவது வெளிப்பக்க ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நீங்கள் ஆயிரம் பேரோடு ஒரே ஐபியைப் பகிர்கிறீர்கள். அந்த வரிசையை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். அங்கே வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது, போர்ட் திறந்து பயனில்லை. 10இல் தொடங்கும் முகவரி வந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது பிடிஆர். ஐபியைக் கேட்டால் பெயரைச் சொல்லும் தலைகீழ்ப் பதிவு. பலர் இதை டொமைன் வாங்கிய இடத்தில் தேடு தேடென்று தேடுவார்கள். அங்கே இருக்காது. ஐபி யாருடையதோ அவர்தான் அதை எழுத முடியும், அதாவது ஐஎஸ்பி. பெயர் ஐபிக்கும், ஐபி அதே பெயருக்கும் போக வேண்டும். உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் மற்றச் சேர்வருக்குத் தன்னை அறிமுகப்படுத்தி ஹெலோ சொல்லும் பெயரும் அதுவாக இருந்தால் நல்லது. வீட்டு இணைப்பின் பிடிஆரில் ஐபி இலக்கங்களைக் கோர்த்த நீளமான பெயர்தான் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் வீட்டு இணைப்பு என்று தெரிந்துவிடும்.

நான் ஒரு கடைக்காக நிலையான ஐபி எடுத்து, பிடிஆர் போடக் கேட்டேன். எந்தக் கொம்பனி என்று சொல்லவில்லை. கோல் சென்டரில் இருந்த பிள்ளை "சேர் றூட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்றது. அந்தப் பிள்ளை பாவம், அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியில் வணிக இணைப்புப் பிரிவுக்கு எழுத்தில் கடிதம் கொடுத்த பிறகுதான் காரியம் நடந்தது. அதனால் போனில் மல்லுக்கட்ட வேண்டாம். எழுத்தில் கேளுங்கள். ஐபி, வேண்டிய பெயர் இரண்டையும் ஒரே வரியில் தெளிவாக எழுதுங்கள்.

வாவிக்கரை
சனி, காலை 9.30

பிபிஎல் பற்றி எல்லோரும் கதைக்கிறீர்கள், சரி. எக்ஸ்பிஎல்லைக் கவனிக்காமல் விடாதீர்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு டியூட்டரியில் நிலையான ஐபி, பிடிஆர், எல்லாம் கச்சிதம். இருந்தும் அடிக்கடி எக்ஸ்பிஎல்லில் விழுந்துகொண்டே இருந்தது. விண்ணப்பித்தால் எடுப்பார்கள், திரும்ப விழும். சேர்வரைத் துருவித் துருவிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. குற்றவாளி சேர்வரே இல்லை. அதே வைஃபையில் இருந்த ஒரு பழைய விண்டோஸ் மடிக்கணினி. அதில் புகுந்த ஏதோ ஒன்று, பயனருக்கே தெரியாமல் 25ஆம் போர்ட் வழியாகக் கண்ட கண்ட இடத்துக்கும் எழுதிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே ஐபிதான்.

மருந்து எளிது. றூட்டரில் ஒரு விதி போடுங்கள்: மெயில் சேர்வரைத் தவிர வீட்டில் வேறு எந்தச் சாதனமும் 25ஆம் போர்ட்டில் வெளியே போகக் கூடாது. போனிலோ மடிக்கணினியிலோ இருந்து மெயில் அனுப்ப 587 அல்லது 465 போதும். 25 என்பது சேர்வரும் சேர்வரும் கதைக்கும் வழி. வீட்டுக்கு வந்துபோகும் மச்சான் மருமகன் எல்லோருக்கும் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்கும் ஊர் நம்முடையது. இந்த விதி இல்லாமல் பட்டியலிலிருந்து வெளியே வர விண்ணப்பிப்பது வீண்.

கல்லடிப்பாலம்
சனி, மதியம் 1.15

வாவிக்கரை சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

இப்போது மருதமுனைத் தம்பிக்கு நேராகச் சொல்கிறேன். மாறும் ஐபி, ஐஎஸ்பி தானே கொடுத்த பிபிஎல், பிடிஆர் இல்லை. இந்த நிலையில் வீட்டிலிருந்து நேரே அனுப்பப் பார்ப்பது நேரத்தை வீணாக்குவது. ஒரு ஒழுங்கையில் நாலு வீட்டில் களவு போனால், அந்த ஒழுங்கையால் வருகிறவன் எல்லோரையும் பொலிஸ் மறித்துப் பார்க்கும். நீங்கள் நல்லவர் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், மறிக்கிறவனுக்குத் தெரியாது.

ஆனால் இதற்காக வீட்டுச் சேர்வரை மூட வேண்டியதில்லை. மெயில் சேர்வர் என்று ஒரே பெயரில் சொன்னாலும், வாங்குவது ஒரு வேலை, வைத்திருப்பது ஒரு வேலை, அனுப்புவது இன்னொரு வேலை. முதல் இரண்டையும் வீட்டிலேயே வையுங்கள். மூன்றாவதை மட்டும் வெளியே கொடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் என்ற ஒரே வரி. 587இல், கடவுச்சொல்லோடு, உங்கள் கடிதத்தை வாங்கித் தன் ஐபியிலிருந்து அனுப்பும் ஒரு ரிலே சேவைக்குப் போகும். அமேசான் எஸ்இஎஸ் ஆயிரம் கடிதத்துக்கு 10 சதம் டொலர் எடுக்கிறது. பிரெவோவில் ஒரு நாளைக்கு 300 வரை இலவசம். துணிக்கடைக்கு 300 கிழமைக்கே தாராளம்.

படுவான்கரை
சனி, மதியம் 1.40

> மூன்றாவதை மட்டும் வெளியே கொடுங்கள்

மச்சான், அப்படியென்றால் அது என்ன வீட்டுச் சேர்வர்? போகிற கடிதம் ஒவ்வொன்றும் வேறொருவன் கையால் போகிறது. அவன் வாசிக்கலாம், வெட்டலாம், நாளைக்குக் கணக்கை மூடலாம். சுதந்திரம் சுதந்திரம் என்று தொடங்கி, கடைசியில் ஒரு எசமானை மாற்றி இன்னொரு எசமான்.

கல்லடிப்பாலம்
சனி, மதியம் 2.25

பகுதி உண்மை. ரிலேக்காரன் வாசிக்க முடியும், மறுக்கவில்லை. ஆனால் நீ ஜிமெயில்காரனுக்கு எழுதும் கடிதம் எப்படியும் அங்கே போய்த்தான் இறங்குகிறது. கணக்கை மூடினால் என்ன? ஒரு வரியை மாற்றி அடுத்த ரிலேக்குப் போ. உன் முகவரியும் பெட்டியும் பழைய கடிதமும் அப்படியே வீட்டில் இருக்கும். சந்தா மெயிலில் கணக்கை மூடினால் எல்லாமே போகும். வித்தியாசம் அதுதான்.

ரிலே பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி, கொஞ்சம் மினக்கெட வேண்டும். வெளிநாட்டில் சின்ன விபிஎஸ், அதாவது வாடகைச் சேர்வர், ஒன்று எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் இடையில் வயர்கார்ட் என்ற மென்பொருளால் ஒரு தனிச் சுரங்க இணைப்பு. உலகத்துக்குத் தெரிவது விபிஎஸ்ஸின் ஐபி. பிடிஆரை அவர்களின் பக்கத்தில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். கடிதம் இருப்பது வீட்டில். ஐஎஸ்பி, மாறும் ஐபி, பகிர்ந்த ஐபி ஒன்றும் தடையில்லை.

எடுக்க முன் இரண்டு விஷயம் பாருங்கள். அமேசான், டிஜிட்டல்ஓஷன் போன்றவை 25ஆம் போர்ட்டை மூடித்தான் தருகின்றன. ஹெட்ஸ்னரும் புதுக் கணக்குக்கு மூடியே வைத்திருக்கிறது, பிறகு கேட்டால் திறக்கும். மற்றது, கிடைக்கிற ஐபியின் பழைய வரலாறு. முன்னே வைத்திருந்தவன் என்ன செய்தானோ. கிடைத்த உடனே பட்டியல்களில் தேடிப் பாருங்கள், கறை இருந்தால் அந்த விபிஎஸ்ஸை அழித்து வேறு எடுங்கள். ஒன்றும் நிறுவ முன்பு செய்ய வேண்டிய வேலை இது.

காரைதீவு நெட்
சனி, மாலை 4.10

சுரங்க வழிக்கு ஒரு எச்சரிக்கை. இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

விபிஎஸ்ஸில் 25க்கு வருவதை வீட்டுக்குத் திருப்பும்போது பலர் இணையத்தில் பார்த்த மஸ்கரேட் வரியை அப்படியே ஒட்டுவார்கள். அது வருகிறவரின் ஐபியை அழித்து, சுரங்கத்தின் ஐபியை ஒட்டிவிடும். வீட்டுப் போஸ்ட்ஃபிக்ஸ் பார்க்கும்போது உலகம் முழுவதும் சொந்த வீட்டுக்குள் இருந்து வருவதாகத் தோன்றும். அந்தச் சுரங்க வரிசை, கடவுச்சொல் கேட்காமல் நம்ப வேண்டிய ஐபிகளை எழுதும் மைநெட்வொர்க்ஸ் வரியில் இருந்தால் முடிந்தது கதை. கடவுச்சொல் இல்லாமல் யாரும் உங்கள் வழியாக அனுப்பலாம். ஒரே இரவில் எஸ்பிஎல் வரைக்கும் போகலாம். மைநெட்வொர்க்ஸில் லோக்கல்ஹோஸ்ட்டை, அதாவது அந்தக் கணினியையே தவிர ஒன்றும் வைக்காதீர்கள். வருகிறவரின் உண்மையான ஐபி வீடு வரைக்கும் வர வேண்டும், அதற்கு வீட்டுப் பெட்டியில் தனி ரூட்டிங் விதி போட வேண்டும். அது தலையிடி என்றால், விபிஎஸ்ஸிலும் ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் வைத்து அதுவே வாங்கி வீட்டுக்குக் கொடுக்கட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டால் கடிதம் அங்கே வரிசையில் நிற்கும்.

செங்கலடிச் சந்தி
சனி, மாலை 5.00

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் போட்டால் பட்டியலிலிருந்து எடுப்பார்களா?

ஏறாவூரான்
சனி, இரவு 8.05

இல்லை தம்பி, அது வேறு இது வேறு. பட்டியல் ஐபியைப் பற்றியது. அந்த மூன்றும் டொமைனைப் பற்றியவை, கடிதம் உண்மையில் நீ அனுப்பியதுதானா என்று காட்டுபவை. எஸ்பிஎஃப் உன் பெயரில் எந்த ஐபிகள் அனுப்பலாம் என்ற பதிவு, டிகேஐஎம் கடிதத்தில் இடும் கையொப்பம், டிமார்க் இரண்டும் தவறினால் என்ன செய்வது என்ற அறிவிப்பு. இரண்டும் வேண்டும்.

2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதியை இறுக்கிவிட்டன. ஒரு கடிதம் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருக்க வேண்டும். ஜிமெயிலுக்கு அனுப்புவதென்றால் ஐபிக்குச் சரியான பிடிஆரும் கேட்பார்கள். ஒரு நாளைக்கு 5000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நமக்கு அந்த எண்ணிக்கை வராது, என்றாலும் மூன்றையும் போடுவதற்குக் காசு இல்லை, போட்டுவிடுங்கள்.

தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான். ரிலேக்காரன் ஒன்று தந்தான், இணையத்தளக்காரன் ஒன்று தந்தான் என்று இரண்டு எழுதினால் இரண்டுமே செல்லாது. ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10க்கு மேல் போகக் கூடாது. வேறொருவர் பதிவை உள்ளே இழுக்கும் இன்க்ளூட் மேல் இன்க்ளூட் அடுக்கும்போது கணக்குத் தெரியாமல் தாண்டிவிடும்.

டிகேஐஎம் சாவி 2048 பிட் என்றால், டிஎன்எஸ் எழுத்துச் சரம் ஒன்றுக்கு 255 என்ற எல்லையைத் தாண்டும். மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். சில டிஎன்எஸ் பக்கங்கள் தானாகப் பிரிக்கும், சில வாயை மூடிக்கொண்டு வெட்டி எறியும். எழுதிய பிறகு வெளியிலிருந்து கேட்டு முழுச் சாவியும் வருகிறதா என்று பாருங்கள்.

கடிதம் ஒருவரிடமிருந்து தானாக இன்னொரு பெட்டிக்குத் திருப்பி விடப்பட்டால் எஸ்பிஎஃப் உடையும், ஏனென்றால் இரண்டாவது முறை அனுப்புவது வேறு ஐபி. டிகேஐஎம் உடையாது, உள்ளே யாரும் ஒன்றும் மாற்றாத வரை. பழைய கம்பஸ் முகவரிக்கு வரும் கடிதத்தை ஜிமெயிலுக்குத் திருப்பி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். அதனால் எஸ்பிஎஃப்பை மட்டும் நம்பாதீர்கள்.

வாவிக்கரை
சனி, இரவு 8.40

புதுவகை நீள ஐபியான ஐபிவி6 பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ஐஎஸ்பி ஐபிவி6 தந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அதையே முதலில் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிடிஆர் இருக்காது, ஜிமெயில் மறுக்கும். நீங்கள் ஐபிவி4இல் எல்லாம் சரி செய்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். அனுப்புவதை ஐபிவி4க்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள்.

ஏறாவூரான்
ஞாயிறு, காலை 7.20

நேற்று எழுத மறந்தது, மறுபக்கம். நாமும் ஒரு சேர்வர் வைத்திருக்கிறோம், நமக்கு வரும் ஸ்பேமைத் தடுக்க நாமும் இதே பட்டியல்களைத்தானே பாவிக்கிறோம். அங்கேயும் கவனம் வேண்டும்.

சேர்வரின் டிஎன்எஸ், கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 என்று இருந்தால் ஸ்பேம்ஹாஸின் இலவச வழி வேலை செய்யாது. பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விகளுக்கு 127.255.255.254 என்ற பிழை விடையைத் தருவார்கள். உங்கள் அமைப்பு எந்த விடை வந்தாலும் பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், வருகிற கடிதம் எல்லாவற்றையும் தள்ளிவிடும். வீட்டிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த டிஎன்எஸ் தேடல் மென்பொருளை நிறுவி அதைக் கேட்கச் செய்யுங்கள். எந்த விடைக்குத் தள்ள வேண்டும் என்று எண்களையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

செத்த பட்டியல்களை அமைப்பிலிருந்து எடுங்கள். சோர்ப்ஸ் என்ற பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அது இருக்கும். இது சும்மா அழகுக்குச் சொல்லும் ஆலோசனை இல்லை. ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனாலும் பலர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2008 மார்ச்சில் அது உலகத்து ஐபி எல்லாவற்றுக்கும் ஓம் என்று விடை சொல்லத் தொடங்கியது. அமைப்பைத் திருத்தாதவர்களின் சேர்வர் எல்லாம் ஒரே நாளில் நல்ல கடிதத்தையும் தள்ளியது.

எல்லாப் பட்டியலும் ஒரே எடை இல்லை. யூசிஇபுரொடெக்ட் என்ற பட்டியலின் மூன்றாம் மட்டத்தில் உங்கள் ஐபி இருந்தால் அது உங்களைப் பற்றியே இல்லை, அந்த ஐஎஸ்பியின் வலையமைப்பு முழுவதையும் சேர்த்திருப்பார்கள். விரைவாக எடுக்கக் காசு கேட்பார்கள். கட்டாதீர்கள். முதல் மட்டத்தில் விழுந்தாலும் புதிதாக ஸ்பேம் போகாவிட்டால் 7 நாளில் தானாகவே நீங்கும். நூறு பட்டியலை ஒரே நேரத்தில் பார்க்கும் தளங்களில் ஒரு சிவப்புக் கட்டம் கண்டவுடன் பதறிப்போய்க் காசு கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

திருக்கோவில் கரை
ஞாயிறு, காலை 10.10

எனக்கு மெயில் சேர்வர் இல்லை, வாசித்துக்கொண்டு வந்தேன். ஒரு சந்தேகம். மழைக்காலத்தில் கரண்ட் போனால் அரை நாள் வராது. கார்த்திகை மார்கழியில் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் வரும் கடிதம் என்ன ஆகும்?

படுவான்கரை
ஞாயிறு, காலை 10.35

அதைக் கேளுங்கள்! 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் என்று சொல்லி இலங்கை முழுவதும் இருண்டது. குரங்கை வைத்துக்கொண்டு மெயில் சேர்வர் நடத்துகிறார்களாம்.

கல்லடிப்பாலம்
ஞாயிறு, காலை 11.00

சிரித்துவிட்டேன் மச்சான். ஆனால் மெயிலைப் பொறுத்தவரை அது பெரிய பிரச்சினையே இல்லை. மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி 1982இல் எழுதப்பட்டபோது சேர்வர்கள் அடிக்கடி படுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிர்ப்பக்கம் பதில் இல்லை என்றால் அனுப்பியவர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்பத் தட்டுவார். போஸ்ட்ஃபிக்ஸ் எதையும் மாற்றாவிட்டால் 5 நாள் வரை முயலும். அரை நாள் கரண்ட் இல்லாவிட்டால் கடிதம் பிந்தும், தொலையாது.

பயப்பட வேண்டியது மின்னலுக்கும் டிஸ்குக்கும். ராஸ்பெரி பையில் எஸ்டி கார்ட்டில் மெயில் வைத்தால் எழுதி எழுதியே கார்ட் செத்துப்போகும், எஸ்எஸ்டி போடுங்கள். றூட்டருக்குக் கடையில் கிடைக்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போதும். மினி பிசிக்குத் தனியாக ஒன்று. இடி முழங்கும்போது தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். செப்பு வயர் இணைப்புக்காரர்கள் கரண்ட் வயரை மட்டும் கழற்றிவிட்டு றூட்டரைப் பறிகொடுத்த கதை நிறைய.

ஒரே ஒரு வில்லங்கம். கரண்ட் வந்து புது ஐபி கிடைத்து, டிஎன்எஸ் மாறுவதற்குள் பழைய ஐபி வேறு வீட்டுக்குப் போயிருக்கும். அந்த வீட்டில் 25 திறந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. என்றாலும், டிஎன்எஸ் விடையை மற்றவர் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற டிடிஎல்லைக் குறைத்து வையுங்கள்.

செங்கலடிச் சந்தி
ஞாயிறு, மதியம் 12.20

சும்மா ஒரு கேள்வி. தமிழிலேயே மின்னஞ்சல் முகவரி வைக்கலாமா? நமக்கு .இலங்கை என்ற டொமைன் இருக்கிறதே.

காரைதீவு நெட்
ஞாயிறு, மதியம் 1.05

வைக்கலாம். எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற நீட்டிப்பு வேண்டும், போஸ்ட்ஃபிக்ஸில் 3.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஜிமெயில் 2014இலிருந்து அப்படியான முகவரிகளுக்கு அனுப்பவும் வாங்கவும் செய்கிறது. ஆனால் எதிர்ப்பக்கச் சேர்வருக்கு அந்த நீட்டிப்புத் தெரியாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். ஆசைக்கு ஒன்று வையுங்கள். பில் அனுப்ப ஆங்கில எழுத்து முகவரியே இருக்கட்டும்.

மருதமுனைத்தறி
புதன், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ரிலே வழியைத்தான் எடுத்தேன். விபிஎஸ் சுரங்கம் பிறகு பார்க்கலாம், காரைதீவு அண்ணன் சொன்னதை வாசித்த பிறகு அதில் கை வைக்கப் பயம். றூட்டரில் 25ஐ மினி பிசிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினேன். இப்போது அனுப்புவது 587 என்பதால் மினி பிசிக்கும் வெளிப்பக்கம் 25 தேவையில்லைத்தானே, அதையும் மூடிவிட்டேன். எஸ்பிஎஃப்பில் ரிலேயின் இன்க்ளூட், டிகேஐஎம்முக்கு ரிலே தந்த, ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் சிநேம் பதிவுகள், டிமார்க் ஒன்றும் தடுக்காத நிலையில். கட்டாருக்கும் கொழும்புக்கும் பில் போய் இன்பொக்ஸிலேயே விழுந்திருக்கிறது. பிபிஎல்லில் இன்னும் இருக்கிறோம்.

இன்னொரு இலவச மெயில் சேவையில் மட்டும் இன்னும் ஸ்பேம் பெட்டிக்குப் போகிறது. அதோடு, எங்கள் சேர்வர் படுத்தால் கடிதத்தை வாங்கி வைக்கும் பேக்கப் எம்எக்ஸ் ஒன்று வைக்கச் சொல்லி ஒரு நண்பர் சொல்கிறார். வைக்கவா?

ஏறாவூரான்
புதன், இரவு 10.15

மாஷா அல்லாஹ். பிபிஎல் அப்படியே இருக்கட்டும், நேரே அனுப்பாதவனுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

ஸ்பேம் பெட்டிக்குப் போவது புது டொமைனுக்குப் பொதுவாக நடப்பதுதான். வாடிக்கையாளரிடம் சொல்லி அந்தக் கடிதத்தை ஸ்பேம் இல்லை என்று அழுத்தச் சொல்லுங்கள், ஒரு பதிலும் எழுதச் சொல்லுங்கள். பெருநாள் வாழ்த்து என்று முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தட்டிவிட வேண்டாம், மாமாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். துணியின் படம் மட்டும் இருந்து எழுத்தே இல்லாத கடிதமும் வடிகட்டிக்குப் பிடிக்காது. நாலு வரி எழுதுங்கள்.

பேக்கப் எம்எக்ஸ் வேண்டாம். கல்லடியார் சொன்னதுபோல அனுப்பியவரே வரிசையில் வைத்திருப்பார். பேக்கப்பில் காவல் குறைவு என்று ஸ்பேம்காரனுக்குத் தெரியும், தேடி அங்கேதான் வருவான். அது எல்லாவற்றையும் வாங்கிவிட்டு, உங்கள் வீட்டுச் சேர்வர் மறுத்ததும், அனுப்புநர் என்று போட்டிருக்கும் பொய் முகவரிக்குத் திருப்பி எழுதும். அதற்கென்றும் ஒரு தடைப்பட்டியல் இருக்கிறது.

மருதமுனைத்தறி
வியாழன், இரவு 8.30

சரி நானா, வைக்கவில்லை. டிமார்க் அறிக்கை வரத் தொடங்கிவிட்டது, எக்ஸ்எம்எல் கோப்பு, ஸிப்பில். திறந்தால் தலை சுற்றுகிறது. இதை மனிதர் வாசிக்க ஏதாவது வழி உண்டா?

வாவிக்கரை
வியாழன், இரவு 9.05

பார்ஸ்டிமார்க் என்று ஒரு திறமூலக் கருவி இருக்கிறது, பைத்தனில் எழுதியது. அறிக்கை வரும் பெட்டியை அதற்குக் காட்டினால் தானே பிரித்து அட்டவணையாகத் தரும். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் டொமைன் பெயரில் ரிலேயின் ஐபியைத் தவிர வேறு யார் அனுப்புகிறார்கள் என்று. இணையத்தளத்தின் தொடர்புப் படிவம் அப்படி ஒன்றாக இருக்கலாம், அதையும் ரிலேக்கு மாற்றுங்கள். வேறு யாரும் இல்லை என்று உறுதியான பிறகு டிமார்க்கில் குவாரன்டைனுக்கு, அதாவது தவறியதை ஸ்பேம் பெட்டியில் போடச் சொல்லும் நிலைக்குப் போங்கள். அதற்கு முன் ரிஜெக்ட், அதாவது மறுத்துத் திருப்பும் நிலை வேண்டாம், சொந்த பில்லே திரும்பி வரும்.